செவ்வாக்கெழம இருமல்

அன்னிக்குக் காலையில வாலாமேட்டுக் குப்பத்துல யாருமே இருமல.

தேசம்மா பாயில படுத்தபடியே காதக் குடுத்துப் பாத்தா. வழக்கமா நாலு வீடு தள்ளி இருக்குற அஞ்சலாட்சி தான் மொதல்ல ஆரம்பிப்பா, மழையில நனஞ்ச ஆட்டோவ ஸ்டார்ட் பண்ற மாதிரி இழுத்து இழுத்து. அதக் கேட்டதும் குப்பத்துத் தலைவர் வெள்ளக்கண்ணு, பதவிக்குத் தக்கன மூணே மூணு தடவ, மைக் டெஸ்டிங் கணக்கா. அப்புறம் வடக்குத் தெரு ஆம்பளைங்க, தெக்குத் தெரு பொம்பளைங்க, தூளியில கெடக்குற கைக்கொழந்தைங்க, மணியாட்டிக்கிட்டே அம்மன் கோயில் பூசாரி, கடைசியா தெரு நாய்ங்கன்னு எரநூத்திப் பன்னண்டு வீடும் ஒண்ணு மாத்தி ஒண்ணு இருமி முடிச்சா தான் அங்க விடிஞ்சதா அர்த்தம். சேவலுங்க கூட இருமல் அடங்கின பொறவு தான் கூவும், நடுவுல கூவுனா யாருக்குக் கேக்கப் போவுது. அன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல. சேவல் ஒண்ணு தெருவுல நின்னு கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நம்ம முறை வந்துடுச்சா இல்லியான்னு.

'எல்லாரும் செத்துட்டாங்க போலக்கீது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல'ன்னு தான் தேசம்மாவுக்கு மொதல்ல தோணுச்சு. அப்புறம் தான் கவனிச்சா, அவளும் இருமல.

குப்பத்துக்கு மேக்கால கம்பெனி, கம்பெனிக்குப் பின்னால சாம்பக் குளம். குளம்னதும் தாமரையெல்லாம் தேடக் கூடாது. கம்பெனியில மலை மலையா நிலக்கரிய எரிச்சு கரண்டு எடுக்குறாங்க, எரிஞ்ச சாம்பலத் தண்ணியில கரைச்சு பைப்பு வழியா அங்க கொண்டாந்து விடுறாங்க, வெயில்ல தண்ணி காஞ்சு போவும், ஆடிக் காத்து வந்து சாம்பலத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடா விருந்தாடப் போவும். அந்த வருசம் மூணு நாளு நிக்காமக் கொட்டுச்சு. சோத்துல சாம்பல், தலகாணியில சாம்பல், புள்ளைக்கு ஊட்டுற பாலுல சாம்பல். நெத்தியில தனியாத் திருநீறு வைக்குற வேலை ஒண்ணு தான் மிச்சம். மூணு நாளும் ஊரே குனிஞ்சு நின்னு கொடலு வாய்க்கு வர்ற மாதிரி இருமுச்சு. நாலாம் நாள் காலையில நின்னு போச்சு. சாம்பல் நிக்கல, இருமல் தான் நின்னுச்சு.

அன்னிக்குப் பாத்து செவ்வாக்கெழம. செவ்வாக்கெழமன்னா வாலாமேட்டுல இருமல் நாள். நாலு வருசத்துக்கு முன்னால குப்பத்துக்காரங்க கோர்ட்டுக்கு நடையா நடந்து ஒரு ஆர்டர் வாங்கியிருந்தாங்க: இந்த ஊர்ல இருமல் இருக்குற வரைக்கும் கம்பெனி தெனம் ரெண்டு லாரி குடிதண்ணி அனுப்பணும், வாரத்துக்கு ஒரு தடவ மருத்துவ வேன் அனுப்பணும், ரெண்டாவதா ஒரு சாம்பக் குளம் வெட்டப் போறோம்னு குதிச்சுக்கிட்டு இருந்தாங்களே, அதுக்கு குப்பத்துக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு மம்புட்டி மண்ணு கூட எடுக்கக் கூடாது. அதனால செவ்வாக்கெழம ஆனா ஊரே தல வாரி பவுடர் அடிச்சு வேனுக்கு முன்னால வரிசையில நின்னு, லேப் டெக்னீசியன் ஜெசிந்தா முன்னாடி ஆளுக்கு ஒரு இருமல் இருமிட்டு வரும். ஜெசிந்தா நோட்டுல டிக் அடிப்பா. நல்லா இருமுன புள்ளைக்கு கடல மிட்டாய் குடுப்பா.

மொதல் ஆளா அஞ்சலாட்சி வந்து நின்னா.

"இருமுக்கா."

"வர்லயேம்மா."

"வெக்கப்படாம இருமு."

"கட்ன புருசன் மாரி இன்னாத்துக்கு அதட்டுற? வர்லன்னா வர்ல."

ஜெசிந்தா அவ வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தா. செவப்பா ஈரமா இருக்க வேண்டிய தொண்ட, காஞ்சு, தவிட்டுக் கலர்ல, லேசாப் பளபளன்னு, புதுசா வாங்குன ஹேண்ட்பேக்கு மாதிரி இருந்துச்சு. அடுத்த ஆளு, ஹேண்ட்பேக். அதுக்கடுத்த ஆளு, ஹேண்ட்பேக். நாப்பது பேரப் பாத்துட்டு ஜெசிந்தா வேன் படிக்கட்டுலயே உக்காந்துட்டா.

"ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க"ன்னா. "ஒவ்வொண்ணும் ஒரு குடித்தனம்னு வச்சுக்கங்க. அடி விழுந்தா அதுங்களால ஓட முடியாது, வீட்டக் காலி பண்ண முடியாது. அதனால மாறிக்கும். சொமை கூடுனா பெருசாவும். வேல இல்லன்னா சுருங்கும். ஆளு பத்தலன்னா ஒண்ணு ரெண்டாவும். எதுக்குமே வழியில்லன்னா வேற சாதி செல்லா மாறிடும்."

"செல்லு மட்டும் சாதி மாறலாமா? நாம மாறுனா மட்டும் வெட்ட வர்றானுங்க"ன்னாரு வெள்ளக்கண்ணு.

ஜெசிந்தா சிரிக்கல. "தலைவரே, உங்க தொண்டையில இருந்தது தொடப்பம் புடிச்ச செல்லு. குட்டிக் குட்டித் தொடப்பம், நாள் பூரா தூசியப் பெருக்கி மேல தள்ளும். அது தள்ளுனதத் தான் நீங்க இருமி வெளிய துப்புனீங்க. மூணு நாளு அடி தாங்காம எல்லாம் தொடப்பத்தக் கீழ போட்டுட்டு தோலா மாறிடுச்சு. தோலுக்கு வலிக்காது. ஆனா தோலு பெருக்காது. இது இருவது முப்பது வருசத்துல கொஞ்சங் கொஞ்சமா ஆவற சங்கதி, நீங்க மூணு நாள்ல முடிச்சிட்டீங்க."

"நம்ம பசங்க எப்பவுமே ஸ்பீடு"ன்னாரு வெள்ளக்கண்ணு.

"அப்போ சாம்பலு?"ன்னு கேட்டது தேசம்மா தான்.

"உள்ள போவும்."

"வெளிய?"

ஜெசிந்தா டார்ச்ச அமத்தினா. "வராது."

இத யாரும் காதுல வாங்குற நெலமையில இல்ல. வருசக்கணக்கா முதுகு நிமிந்து தூங்காத ஊரு அது. அன்னிக்கு மத்தியானம் எரநூத்திப் பன்னண்டு வீடும் கதவத் தொறந்து போட்டுட்டு வாயப் பொளந்து தூங்குச்சு. எழுந்து பாத்தா பசி. சாப்ட்டு முடிச்சா சந்தோசம். சந்தோசம் தாங்காம வாலாமேடு ஒரு காரியம் பண்ணுச்சு பாரு, ஒலகத்துல வேற எந்த ஊருக்கும் அந்த ரோசனை வந்திருக்காது. அம்மனுக்குக் கூழ் ஊத்துறதுன்னு முடிவாச்சு. பஸ் ஸ்டாப்ப மறைக்கிற அளவுக்கு ஒரு பேனர் கட்டுனாங்க, அதுல அம்மன் சின்னதா, வெள்ளக்கண்ணு போன் பேசுற மாதிரி பெருசா, கீழ கொட்டை எழுத்துல: 'எங்கள் இருமலை அடியோடு நீக்கிய தாயே நன்றி! இனி வாலாமேட்டில் இருமல் இல்லை!' அது பத்தாதுன்னு, நாம எவ்ளோ நல்லாருக்கோம்னு அவனும் பாத்து வயிறு எரியட்டும்னு, கம்பெனி ஆபீசரையே கூப்ட்டு மால போட்டு கூழும் கருவாடும் குடுத்தாங்க. அவரு ரெண்டு சொம்பு கூழு குடிச்சுட்டு, பேனர் முன்னாடி நின்னு எல்லாரோடயும் போட்டா எடுத்துக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கும்புட்டுட்டுப் போனாரு. கோர்ட்டு ஆர்டர் ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம். அன்னிக்கு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

அந்தக் கூழுக் கூட்டத்துக்கு நடுவுல தான் பஸ்ஸுலேந்து எறங்குனான் நாகூரான், தேசம்மா புருசன். கரைக்குப் படகு வந்ததும் மீன ஏலம் விடுறவன், நல்ல காலத்துல அவன் குரல் எடுத்தா கடலுக்குள்ள மூணாவது அலையில நிக்கிறவன் கூடத் திரும்பிப் பாப்பான். தடாவுல அக்கா மாமனார் கருமாதின்னு போயி, சாம்பல் கொட்டுன மூணு நாளும் அங்கயே தங்கிட்டான். பஸ்ஸு படியில காலு வச்சான், குப்பத்துக் காத்து மூஞ்சில அடிச்சுது, இருமுனான். ஊரே திரும்பிப் பாத்துச்சு, கல்யாணப் பந்தியில எவனோ வாந்தி எடுத்த மாதிரி.

"யோவ் நாகூரு, போட்டாவுல வராத, தள்ளி நில்லு"ன்னாரு வெள்ளக்கண்ணு.

பத்தே நாளு. கம்பெனி வக்கீலு அந்தப் போட்டாவப் பெருசா பிரிண்டு போட்டு கோர்ட்டுல குடுத்துட்டாரு. இருமலே இல்லன்னு அவங்களே எழுதிக் கட்டியிருக்காங்க, இனி எதுக்கு ஆர்டருன்னு. கோர்ட்டு ஒரு கமிசனர அனுப்புறேன்னுச்சு: ஆவணி மூணாவது வியாழக்கெழம நேர்ல வருவாரு, கண்ணால பாப்பாரு, ஒரே ஒரு ஆளு இருமுனாலும் ஆர்டர் நிக்கும், ஒருத்தரும் இருமலன்னா ரத்து.

அன்னிக்கு சாயங்காலமே வெள்ளக்கண்ணு தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியத் தூக்கிக்கிட்டு வந்து தேசம்மா வாசல்ல போட்டு, நாகூரானக் கையப் புடிச்சு ஒக்கார வச்சாரு.

"நைனா, நீ தான் எங்க தெய்வம்."

"கூழு ஊத்துன அன்னிக்கு தெய்வத்தத் தள்ளி நிக்கச் சொன்னியே"ன்னான் நாகூரான், சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவ இருமுனான். கூடியிருந்த சனம் கண்ண மூடிக் கேட்டுச்சு, நாதஸ்வரக் கச்சேரி மாதிரி.

அதுலேந்து அந்த இருமல ஊரே வளத்துச்சு. வீட்டுக்கு ஒரு நாளு மொறை வச்சு ஐஸ் தண்ணி வந்துச்சு, அடுப்பெரிக்கிற நேரம் பாத்து நாற்காலியப் பொகை வர்ற பக்கம் திருப்பி வச்சாங்க. வாசல்ல ரெண்டு ஆம்பளைங்க காவல், அவன் ஊரத் தாண்டாமப் பாத்துக்க. தேசம்மா மொளகும் துளசியும் போட்டு ஒரு கசாயம் வச்சா, கொதி வர்றதுக்குள்ள அஞ்சலாட்சி வந்து பாத்திரத்தோட தூக்கி சாக்கடையில ஊத்திட்டா.

"இன்னா மே பண்ற? ஊரக் கெடுத்துடாத."

"எம் புருசன் ரத்தம் துப்புறான்டி."

"துப்பட்டுமே. கமிசனருக்குக் கண்ணு தெரியும்ல."

அஞ்சலாட்சி கெட்டவ இல்ல. தேசம்மாவுக்குப் பிரசவம் பாத்து, அந்தப் புள்ள தங்காமப் போனப்ப ஒரு மாசம் சோறு பொங்கிப் போட்டவ. ஆனா அவ மாறிக்கிட்டு இருந்தா. எல்லாரும் மாறிக்கிட்டு இருந்தாங்க. உள்ள போன சாம்பல் வெளிய வராததால ஆளாளுக்குக் கனம் ஏறுச்சு. ஷேர் ஆட்டோவுல எட்டு பேரு ஏறுன எடத்துல மூணு பேருக்கு மேல ஏறுனா முன்சக்கரம் தூக்குச்சு, ஆட்டோக்காரன் குப்பத்துப் பக்கமே வர்றத நிறுத்திட்டான். சரின்னு ஊரு நடந்துச்சு. நடந்து நடந்து தொடை பெருத்துச்சு. வாசன தெரிஞ்சா சாம்பல் வாசன தான், அதனால மூக்கு வேலைய விட்டுடுச்சு. ருசி போச்சு, கருவாட்டுக் கொழம்பும் கஞ்சியும் ஒண்ணாச்சு, பொம்பளைங்க மொளகா அரைக்கிற வேலைய மிச்சம் புடிச்சு அந்த நேரத்துல ஒருத்தருக்கொருத்தர் பேன் பாத்தாங்க. பூசாரி பொண்டாட்டி செத்தப்ப சுத்தி உக்காந்து மாரடிச்ச அறுவது பொம்பளைங்கள்ல ஒருத்தி கண்ணுலயும் தண்ணி வரல. கொஞ்ச நேரம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்தாங்க. அப்புறம் அஞ்சலாட்சி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்தா, ஆளுக்கு ரெண்டு சொட்டு கன்னத்துல தொட்டுக்கிட்டாங்க, காரியம் நடந்துச்சு. அடுத்த சாவுக்கு சொம்ப மொதல்லயே எடுத்து வச்சாங்க. எல்லாத்துக்கும் ஊரு ஒரு வழி பண்ணிக்கிச்சு. யாரும் பெருசா எடுத்துக்கல.

நாகூரான் மட்டும் பழைய ஆளாவே இருந்தான். ருசி தெரிஞ்சுது, அதனால சோறு நல்லால்லன்னு திட்டுனான். பூசாரி பொண்டாட்டிக்காக ஊர்லயே ஒத்த ஆளா அவன் தான் அழுதான், இருமிக்கிட்டே. ராவெல்லாம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், காலையில தொவாலையில ரத்தத்தப் பாத்துட்டு, "மே, வெத்தல மென்னேன்னு சொல்லிடு"ன்னுவான். வெலா எலும்பு ஒண்ணொண்ணா வெளிய தெரிஞ்சுது. கரைக்கு ஏலம் விடப் போறத விட்டுட்டான். "வஞ்சிரம் எரநூறுன்னு ஆரம்பிச்சு, இருமி முடிக்கறதுக்குள்ள மீனு நாறிடுது"ன்னு சிரிப்பான். சிரிப்பும் இருமலாத் தான் முடியும்.

கமிசனர் வர ஒம்பது நாள் இருக்கச் சொல்ல, செவ்வாக்கெழம வேன் பின்னாடி ஜெசிந்தாவத் தனியாப் புடிச்சா தேசம்மா.

"உண்மையச் சொல்லு. தாங்குவாரா?"

ஜெசிந்தா நோட்ட மூடுனா. "வியாழக்கெழம வரைக்கும் தாங்கலாம். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யாப் போயிடும்க்கா. ஊரு பூரா கொட்டுற சாம்பல அவருக்குள்ள இருக்குற தொடப்பம் மட்டும் பெருக்குது. வேற ஊருக்குக் கூட்டிக்கினு போயிடு."

"காவல் போட்டு வச்சிருக்காங்க. இந்த ஆளும் வர மாட்டேங்குது, ஊரே எந் தொண்டையில தொங்குது மேன்னு பெரும பேசுது."

"அப்ப..." ஜெசிந்தா நிறுத்திக்கிட்டா.

"அப்ப?"

"ஒண்ணுமில்ல. மாறாதவங்க சாவாங்க. மாறுனவங்க சாவறதுக்கு நாளாவும். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது."

தேசம்மா வீட்டுக்கு வந்தா. அவளுக்கு ஊரு தெரியாம இல்ல, தண்ணி லாரி தெரியாம இல்ல, குப்பத்துக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்குற அந்த மண்ணு போச்சுன்னா நாலு பக்கமும் சாம்பலாவும்னு தெரியாம இல்ல. எல்லாத்தையும் ஒரு பக்கம் வச்சுப் பாத்தா. இன்னொரு பக்கம் அவன வச்சுப் பாத்தா. அதுக்கப்புறம் அவ எதையும் வச்சுப் பாக்கல.

கமிசனர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி, உச்சி வெயிலு. காவல்காரனுங்க ரெண்டு பேரும் சோத்தத் தின்னுட்டு சுவத்துல சாஞ்சு கொறட்ட. தேசம்மா புருசன் தோளத் தொட்டா.

"யோவ், ஆத்து முனையில மடவ மீனு துள்ளுதாம். வா, பாத்துட்டு வரலாம்."

"சாம்பலுக்குள்ளயா துள்ளுது?"

"வாயேன்."

அவனுக்குப் புரிஞ்சுதா புரியலயான்னு அவளுக்கு அப்பவும் தெரியாது, எப்பவும் தெரியப் போறதில்ல. எழுந்து, சின்னப் புள்ள மாதிரி அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு வந்தான். பத்தடிக்கு ஒருக்கா நின்னு இருமுனான், அவ முதுகத் தடவிக் குடுத்தா. வேலிக் கம்பியத் தூக்கிப் புடிச்சு அவன உள்ள விட்டா, தானும் பூந்தா. சாம்பக் குளம் அந்த வெயில்ல வெள்ளையா, கண்ணு கூசற மாதிரி, பனி பெய்ற ஊருன்னு டிவியில காட்டுவானே, அப்டிக் கெடந்துச்சு. கரை மேல உக்காந்தாங்க. காத்து வந்துச்சு. குளம் மெதுவா எழுந்து நின்னு அவங்க மேல சாஞ்சுது.

"மே... இதான் உன் மடவையா?"

"ஆமா."

"கமிசனரு வர்றாரே."

"வரட்டும். நீ இரு. அது போதும்."

"வேணாம் தேசம்மா. நான் அவங்க மூஞ்சியில முழிக்கணும்." எழுந்திருக்கப் பாத்தான். தேசம்மா அவன் ரெண்டு மணிக்கட்டையும் புடிச்சு மடியில வச்சு அழுத்திக்கிட்டா. அவளுக்குள்ள ரெண்டு மாசத்துச் சாம்பல் கனத்துக்கிட்டு கெடக்குது, அவன் எலும்பும் தோலும். மீனவச்சி கையில மாட்டுன நெத்திலி மாதிரி ஒரே ஒரு தடவ துள்ளுனான். அப்புறம் இருமுனான். இருமுனான்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டா அது பொய்யாயிடும். உச்சியிலேந்து வெயிலு சாயுற வரைக்கும் இருமுனான், அவன் அப்பன் ஆத்தா இருமாம விட்டதயெல்லாம் சேத்து இருமுனான், ஊரே இருமுற அந்தப் பழைய காலையெல்லாம் ஒத்தத் தொண்ட வழியா வெளிய வந்துடும் போல இருமுனான், உள்ள கடைசித் தொடப்பம் தேஞ்சு குச்சியாகி, குச்சியும் பெருக்கிக்கிட்டு இருந்துச்சு. தேசம்மா கண்ண மூடிக்கிட்டு, "தோலாயிடு, தோலாயிடு சாமி"ன்னு, புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே சொன்னா.

ஒரு இருமல் பாதியில நின்னுச்சு. மீதி பாதி வரவே இல்ல.

நாகூரான் வாயத் தொடச்சான். சுத்திப் பாத்தான். "போலாமா"ன்னான். ஓட்ட ஒடசல் இல்லாத, வழவழன்னு ஒரு குரலு. அவ அவனக் கட்டிப் புடிச்சு மூஞ்சி பூரா முத்தம் குடுத்தா. அவன் பொறுமையா நின்னான், அவ முடிக்கட்டும்னு.

வியாழக்கெழம கமிசனர் வந்தாரு, கூடவே டைப் அடிக்கிற ஒரு பையன், டிரைவரு, கம்பெனி வக்கீலு. வேப்ப மரத்தடியில மேச போட்டாங்க. ஊரே வட்டமா நின்னுச்சு. வெள்ளக்கண்ணு நாற்காலியோட நாகூரான நடுவுல கொண்டாந்து வச்சாரு. மூணு நாளா அவன் இருமல, தெய்வம் சேத்து வைக்குதுன்னு நெனச்சிருந்தாரு.

"நாகூரு, இருமு நைனா."

நாகூரான் மரியாதையா எழுந்து நின்னு, கைய வாய்கிட்ட வச்சு, முக்குனான். ரெக்சின் சீட்டுல யாரோ நவுந்து உக்காந்த மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு.

"இன்னொரு தபா."

இன்னொரு ரெக்சின்.

வெள்ளக்கண்ணு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "எல்லாரும் இருமுங்கடா!"ன்னாரு. எரநூத்திப் பன்னண்டு வீட்டு சனமும் ஒரே நேரத்துல முக்குச்சு, சினிமா கொட்டாயில ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்திருக்கற மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான். அஞ்சலாட்சி ஓடிப் போயி ஒரு சட்டி நெருப்புல காஞ்ச மொளகாய ரெண்டு கை அள்ளிப் போட்டு கொண்டாந்து நடுவுல வச்சா. பொகை எழும்புச்சு, ஆடிக் காத்து மிச்சம் வச்சிருந்த சாம்பலும் கூட சேந்துக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. கமிசனருக்குத் தான் பொறை ஏறுச்சு. இருமுனாரு. டைப் அடிக்கிற பையன் இருமுனான். டிரைவர் கார்ல ஸ்டியரிங்க்ல சாஞ்சு இருமுனான். கம்பெனி வக்கீலு கோட்டக் கழட்டி வாய்ல அடச்சுக்கிட்டு, மேசையப் புடிச்சுக்கிட்டு இருமுனாரு. கண்ணுல தண்ணி ஊத்த, மூக்கு ஒழுக, கமிசனர் சொல்லச் சொல்ல அந்தப் பையன் அடிச்சான்: "மேற்படி கிராமத்தில்... க்ஹோ... வசிக்கும் எவருக்கும்... க்ஹோ க்ஹோ... இருமல் இல்லை."

"சார், நீங்களே இருமுறீங்களே சார்!"ன்னாரு வெள்ளக்கண்ணு, கைய எடுத்துக் கும்புட்டு.

கமிசனர் அவரப் பாவமாப் பாத்தாரு. நல்ல மனுசன். "நான் இந்த ஊர்க்காரன் இல்லீங்களே"ன்னாரு. கையெழுத்துப் போட்டாரு. காரு போயிடுச்சு.

தேசம்மா கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா.

"நான் தான். நான் தான் எம் புருசன சாம்பக் கொளத்துக்கு இட்டுக்கினு போயி மாத்திட்டேன். கையப் புடிச்சு அமுக்கி வச்சேன். அது வேணாம்னு தான் சொல்லிச்சு. ஊரக் கெடுத்தது நான் தான்."

சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா. மயிரப் புடிச்சு இழுப்பாங்க, மண்ண வாரித் தூத்துவாங்க, அஞ்சலாட்சி மொதல்ல அறைவா, அது ஞாயந்தான்னு காத்துக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் ஒண்ணும் விழல. நிமிந்து பாத்தா, பாதிக் கூட்டம் கலஞ்சிருந்துச்சு.

"அப்டியா"ன்னாரு வெள்ளக்கண்ணு. கொஞ்சம் யோசிச்சாரு, வேற ஏதோ சொல்ல வேண்டிய எடம் இதுன்னு அவருக்கும் பட்டுது போல. "சரி. மேசைய யாராச்சும் கோயில்ல போட்டுடுங்கப்பா"ன்னுட்டுப் போயிட்டாரு.

அஞ்சலாட்சி சட்டியில நெருப்ப மண்ணு போட்டு அணைச்சுக்கிட்டு இருந்தா. தேசம்மா போயி அவ கையப் புடிச்சா. "என்ன அடியேன்டி. உனக்குத் தான் ரெண்டு கொழந்த கீது. அடியேன்."

"கை கரியாக் கீது, விடு"ன்னா அஞ்சலாட்சி.

வீட்டுல நாகூரான் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்திருந்தான். உப்பு இல்லாத கொழம்பு, பேசாமத் தின்னான்.

"யோவ். நான் உன்ன இன்னா பண்ணேன் தெர்தா?"

"தெர்து."

"எம் மேல கோவம் வர்லயா?"

அவன் சாப்புடுறத நிறுத்திட்டு நெசமாவே தேடிப் பாத்தான். பீடியத் தேடுறவன் சட்டப் பையத் தடவற மாதிரி நெஞ்ச இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவுனான். "இருந்துச்சு மே"ன்னான். "எங்க வச்சேன்னு தெர்ல."

அவ அவன் நெஞ்சுல குத்துனா. ரெண்டு கையாலயும் குத்துனா. சிமெண்டு மூட்டையில குத்துன மாதிரி தொம்மு தொம்முன்னு கேட்டுச்சு. அவன் அவ கையப் புடிச்சு, கீழ எறக்கி வச்சான். "கை வலிக்கப் போவுது"ன்னுட்டு மறுபடி சாப்புட ஆரம்பிச்சான்.

அடுத்த வாரம் தண்ணி லாரி வரல, வேனும் வரல, மண்ணு வெட்டுற மிசினுங்க வந்துச்சு. குப்பம் தள்ளி நின்னு வழி விட்டுச்சு. கெணத்துத் தண்ணி கசந்துச்சு, ருசி தெரியாததால குடிச்சாங்க. நாகூரான் திரும்பவும் ஏலத்துக்குப் போனான், அந்த வழவழக் குரல்ல ஒரே சீரா வெல சொன்னான், கடல் பக்கம் யாரும் திரும்பிப் பாக்கல, ஆனா மீனு வித்துச்சு. தேசம்மா மட்டும் தெனம் காலையில வாசப்படியில உக்காந்து, போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி, "யக்கா, என்ன ஒரு வார்த்த திட்டிட்டுப் போயேன், யண்ணா, நீ நாசமாப் போவன்னு ஒரே ஒரு தபா சொல்லேன்"னு கெஞ்சுனா. அவங்க நின்னு, கேட்டு, தலையாட்டிட்டுப் போனாங்க. மொத நாளு நாப்பது பேர நிறுத்துனா. மறுநாளு பன்னண்டு பேரு. அதுக்கு மறுநாளு ஒரே ஒருத்தர, அதுவும் அவரு நின்ன பொறவு கேக்க வந்தத மறந்துட்டு மணி என்னான்னு கேட்டா.

நாலாம் நாளு அஞ்சலாட்சி கொடத்தோட அந்தப் பக்கமா வந்தா. தானா நின்னா.

"இன்னா மே, இன்னிக்கு ஒண்ணும் கேக்கலயா?"

தேசம்மா அவள அண்ணாந்து பாத்தா.

"இன்னாத்த?"ன்னா.